கை கழுவும் குழாய்

மூன்று சிசுக்களின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியும், பச்சிளங்குழந்தைகள் வார்டின் குழாயில் எடுத்த கிருமியும் மரபணு வரிசையில் ஒன்றேதான் என்று முடிவு வந்திருந்தது. எந்த மருந்துக்கும் சாகாத கிருமி. ஆய்வக மருத்துவர் ஜெசிந்தா அந்தத் தாளோடு நான்காம் முறையாக மருத்துவமனைக் கண்காணிப்பாளர் முன் நின்றாள்.

"குழாய இன்னைக்கே அடைக்கணும் சார்."

"அடைச்சுட்டா கைய எங்கம்மா கழுவுறது? மேல எழுதியிருக்கேன், பதில் வரட்டும்."

"இன்னும் எத்தனை புள்ளைங்க சார்?"

அவர் அடுத்த கோப்பைத் திறந்தார்.

ஜெசிந்தா வார்டுக்குப் போய்த் தானே குழாயைப் பிளாஸ்திரியால் சுற்றினாள். ஆத்திரத்தில் அது விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

பின்னால் ஓர் இளம் தாய், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையோடு வந்து நின்றாள்.

"தண்ணி வரலையா டாக்டரம்மா? பரவால்ல. இதக் கழுவக் காலையிலயே இந்தக் குழாயில ரெண்டு பாட்டில் பிடிச்சு வச்சுட்டேன்."