சத்தம் வராட்டியும்

"அண்ணா, கேமரா வேலை செய்யுதா, அதை மட்டும் பாருங்க."

வெண்ணிலா மறுபடியும் இதையேதான் கேட்டாள்.

பழவேற்காடு பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சுபாஷுக்கு அது விசித்திரமாக இருந்தது. கோட்டைக்குப்பத்துப் பெண். படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைத்த பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். விண்டோஸ் திணறியது. அதற்குப் பதில் லினக்ஸ் போட்டால் ஓடும் என்று சொன்னவன் அவன்தான்.

ஆனால் எடுத்த எடுப்பில் போட்டுவிட மாட்டான். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பான். மெஷினில் எல்லாம் அதோடு ஒத்துப்போனால்தான் பழசை அழிப்பான்.

வாசல் பெஞ்சில் அவள் மாமியார் இருசம்மாள், மீன் விற்ற காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"புருசன் கடலுக்குப் போனா போதும் தம்பி, போனும் கையுமா குந்திக்கிறா. இப்ப அது பத்தாதுனு பெருசா ஒண்ணு கேக்குது."

வெண்ணிலா லேப்டாப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கீபோர்டு சரி. வைஃபை சரி. ஸ்பீக்கரில் மட்டும் சத்தமே இல்லை. இந்த லினக்ஸுக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை, லினக்ஸிலேயே வேறு வகை ஒன்று போட்டுப் பார்க்கலாம், நாளைக்கு வா என்றான் சுபாஷ்.

"சத்தம் வராட்டி பரவால்லண்ணா. கேமரா?"

கேமராவைத் திறந்தான். படம் பளிச்சென்று வந்தது. வெண்ணிலா அதன் முன்னால் விரல்களை வேகமாக ஆட்டிப் பார்த்தாள். படம் விட்டுவிட்டு வராமல் கூடவே ஓடியது. அவள் முகம் மலர்ந்தது.

"இதையே போட்டுடுங்க."

சத்தமே இல்லாமல் வீடியோவில் யாரோடு பேசப்போகிறாள்? மாமியார் சொன்னது சரிதானோ? சுபாஷுக்கு என்னவோ போல் இருந்தது. தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியவில்லை.

"எதுக்கும் ஒரு கால் போட்டுப் பாத்துடலாமே" என்றான்.

வெண்ணிலா தன் போனிலிருந்து நெட் கொடுத்து, தானே கால் போட்டாள்.

திரையில் ஒரு பெண் வந்தாள். வாய் திறக்கவில்லை. சிரித்தபடி இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை அசைத்தாள்.

வெண்ணிலா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அத்தை, நம்ம மஞ்சு."

மஞ்சு, இருசம்மாளின் மகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பிறந்ததிலிருந்தே காதும் கேட்காது, பேச்சும் கிடையாது. அம்மாவும் மகளும் பேசுவதெல்லாம் கையால்தான். இருசம்மாளுக்குக் கண் மங்கியதிலிருந்து போனின் சின்னத் திரையில் மகளின் விரல்கள் தெரியவில்லை. வீட்டு விஷயங்களை அண்ணி வெண்ணிலாதான் போனில் கையசைத்து அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருசம்மாள் திரைக்குக் கிட்டே குனிந்தாள். கூடை மடியிலிருந்து நழுவியது. அவள் கைகள் தாமாகவே மேலே எழுந்தன.

வெகுநேரம் பேசினார்கள். சுபாஷ் வேறு வேலை எதையும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

மஞ்சு போன பிறகு, இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா எதுக்குனு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? நான் பாட்டுக்குக் கண்டபடி பேசிட்டனே."

வெண்ணிலா தரையில் கிடந்த கூடையை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒத்துவருமா வராதான்னே தெரியலையே அத்தை. உங்களுக்கு ஆசை காட்டிட்டு இல்லைனு சொல்றதுக்கு, நீங்க என்னைத் திட்டுறதே மேல்னு விட்டுட்டேன்."