நிற்காத கம்ப்யூட்டர்

மயக்க ஊசியோடு தியேட்டருக்குள் நுழையப்போன நர்ஸ் பாண்டீஸ்வரியை அழகுராஜா வழிமறித்தான். உள்ளே மேசையில் அவன் மனைவி ரேணுகா.

“மருந்து அளவை நீங்க ஒருதடவை கையால கணக்குப் போட்டுப் பாருங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.”

“கம்ப்யூட்டர் போட்ட கணக்கு சார், ஏன் இப்புடிப் பயப்படுறீக? முந்தி மெமரி கோளாறுன்னு அடிக்கடி நின்னுபோகும். காரைக்குடியிலருந்து ஒரு மகராசன் வந்து சரிபண்ணாரு. மூணு மாசமா நிக்கவே இல்லை.”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“தப்புக் கணக்கைச் சொல்லிடக் கூடாதுன்னுதான் அது நின்னுச்சு. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல அவரு மெமரியை மாத்தலை. எர்ரர் சிக்னல் வந்தாலும் கண்டுக்காம ஓடுன்னு கெர்னல்ங்கிற அடிப்படை புரோகிராம்ல எழுதிட்டுப் போயிட்டாரு.”

பாண்டீஸ்வரி ஊசியைக் கீழே இறக்கினாள். “உங்களுக்கு எப்புடித் தெரியும்?”

“அந்த மகராசன் நான்தான்.”