தையில் தொடங்கிய துரு

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் ஹென்னிங் என்ற கிழவர் சீக்கியப் படைவீரர்களின் பழைய வாள்களைச் சேர்த்து வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் அவற்றைத் துடைத்து எண்ணெய் பூசுவது மன்னாரிலிருந்து வந்திருந்த பேனாட்டின் வேலை. வெறுங்கை படக்கூடாது. பட்டால் அந்த விரலின் ரேகை ஒரு கிழமைக்குள் துருவாக எழுந்துவிடும். பேனாட் கையுறையைக் கழற்றியதே இல்லை.

1989 தை மாதம், குதிரைப்படை வாளொன்றின் நுனியில் துருவேறிய பெருவிரல் ரேகை ஒன்று இருந்தது. ஹென்னிங் ஏசினார். பேனாட் தேய்த்து அழித்தான். அடுத்த சனிக்கிழமை அது நான்கு விரற்கடை மேலே, பிடிப்பக்கமாக வந்திருந்தது. ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு ஓடியது. ஊரில் மீன் வெட்டும்போது அவன் மனைவி செலீனாவுக்கு அறுபட்ட அதே இடம்.

அவளைக் கூப்பிட அவன் போட்ட விண்ணப்பம் இரண்டு வருடமாகக் கொப்பன்ஹேகனில் கிடந்தது.

“கெதியா வா, செலீனா,” என்று வாளிடம் சொல்லிவிட்டுத்தான் இப்போதெல்லாம் துடைத்தான்.

மாசிக் கடைசியில் ரேகை பிடியருகே வந்து நின்றது. அன்று பின்னேரம் ஊரிலிருந்து தம்பி ஸ்ரிபன் தொலைபேசியில் அழுதான்.

“அண்ணை, அண்ணி காய்ச்சலிலை தையிலயே போயிட்டா. மூண்டு கடிதம் போட்டனே, ஒண்டும் வரேல்லையோ?”

அடுத்த சனிக்கிழமை பேனாட் கையுறையைக் கழற்றினான். ரேகைக்குப் பக்கத்தில் தன் பெருவிரலை அழுத்தி வைத்தான்.

ஒரு கிழமையில் அவன் ரேகை துருவாக எழுந்திருந்தது. வெட்டுக்கோடு ஓடிய ரேகை நகர்ந்து வந்து அதன்மேல் படிந்திருந்தது.

பேனாட் வாளைத் துடைக்காமலே எண்ணெய்த் துணியை மடித்து வைத்தான்.