சாம்பல் அட்டை

"இது என் மூஞ்சியா, இல்ல பழுத்த எலுமிச்சம்பழமா?"

வாடிக்கையாளர் செல்போனை மேசை மேல் வீசினார். திரையில் அவருடைய படம். அவருக்காகத் தயாராகும் வெப்சைட்டின் முதல் பக்கத்தில் ஏற வேண்டியது. நான்காவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது.

முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார். வாடிக்கையாளர் திட்டும்போது முழுதாக உட்காருவது அவருக்குப் பழக்கமில்லை.

"மீட்டர்! இங்க வாம்மா!"

மீட்டர் என்பது படம் திருத்துகிற பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பெயர். அளக்காமல் எதையும் நம்ப மாட்டாள். திங்கட்கிழமைதோறும் தன் கணினித் திரையில் ஒரு கருவியை மாட்டி, நிறம் பிசகாமல் காட்டுகிறதா என்று சோதிப்பாள். இந்தப் பழக்கத்தால் அவளுக்குச் சம்பளமும் கூடவில்லை, சிநேகிதமும் கூடவில்லை.

"கலர் சரியாத்தான் இருக்கு சார்."

"யாரு சொன்னா?"

"சாம்பல் அட்டை. படம் எடுக்கறப்ப உங்க கையில ஒரு அட்டை குடுத்தோமே, அதுதான். அதுல சிவப்பு, பச்சை, நீலம் மூணும் ஒரே அளவா இருக்கு. அட்டை சாம்பலா வந்திருந்தா, மத்த கலரும் சரியாத்தான் வந்திருக்கும்."

"அட்டை சொல்லுதாம்யா!" வாடிக்கையாளர் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வருஷமா நான் இந்தக் கண்ணை வெச்சுத்தான் பொழைக்கிறேன். எதிர்ல வந்து உக்காந்தா போதும், ஆளைப் பார்த்தே உள்ள என்னன்னு சொல்லிடுவேன். எனக்கு அட்டை பாடம் எடுக்குதா?"

"சாரோட கண்ணு யாருக்கு வரும்?" என்றார் முதலாளி. அவரும் ஏதாவது சொல்ல வேண்டுமே.

"உங்க போன்ல நைட் மோட் ஆன்ல இருக்கலாம் சார். அது திரையை மஞ்சளாக் காட்டும்."

வாங்கிப் பார்த்தாள். ஆனில் இல்லை.

"வெப்சைட்ல ஏத்தறப்ப கலர் மாறிடுமோ?" முதலாளி தனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பக் கேள்வியைக் கேட்டார்.

"மாறாது சார். கலர் புரொஃபைலைப் படத்தோட சேர்த்துத்தான் சேவ் பண்ணியிருக்கேன். மூணு போன், ரெண்டு லேப்டாப்ல திறந்து பார்த்துட்டேன். எல்லாத்துலயும் அதே மஞ்சள்."

"பார்த்தீங்களா, அவளே மஞ்சள்னு ஒத்துக்கறா!"

"மஞ்சளைக் குறைச்சா வெள்ளைச் சட்டை ஊதாவாயிடுது சார். மூணாவது தடவை அப்படித்தான் அனுப்பினேன்."

"ஆமா, மை பாட்டில்ல விழுந்து எழுந்த மாதிரி இருந்தேன்."

"மூஞ்சியை மட்டும் மாத்தித் தொலையேம்மா," என்றார் முதலாளி.

"மாத்தலாம். ஆனா அதுக்குப் பேரு கலர் திருத்தம் இல்ல சார், மேக்கப்."

இந்த மாதிரி பதில்களால்தான் இதற்கு முன் மூன்று வேலைகள் போயின.

காபி வந்தது. வாடிக்கையாளர் கையை ஆட்டி மறுத்துவிட்டு, முழங்கையை வறட் வறட்டென்று சொறிந்தார். "வேணாம். இந்தப் படத்தைப் பார்த்ததுலேர்ந்து ஒரு வாரமா எதைப் பார்த்தாலும் குமட்டுது."

முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. "இங்க பாரு. சாயங்காலத்துக்குள்ள சார் சொல்ற கலர்ல படம் ஏறணும். இல்லன்னா நாளைக்கு உன் அட்டையைத் தூக்கிக்கிட்டு வேற ஆபீஸ் தேடிக்கோ."

வீட்டில் நான்காவது முறையாக 'இந்த வேலையும் ஏன் போச்சு?' என்ற விசாரணைக்கு உட்கார அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் சாம்பலைச் சாம்பல் இல்லை என்று சொல்லவும் நாக்கு வரவில்லை.

"ஒரே ஒரு நிமிஷம் என் டேபிளுக்கு வாங்க சார். நேர்லயே பார்த்துடலாம். அட்டை தப்புன்னா நானே போயிடறேன்."

அலுவலகம் முழுக்க முதலாளி ஆசை ஆசையாக மாட்டிய மஞ்சள் விளக்குகள். அந்த வெளிச்சத்தில் எல்லோருமே எலுமிச்சம்பழம்தான். மீட்டரின் மூலையில் மட்டும் பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை விளக்கு. அதனடியில் அட்டையை வைத்தாள். பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

"இப்ப உங்க கையை வைங்க சார்."

"கைரேகை பார்க்கப் போறியா?" என்று சிரித்தபடி வாடிக்கையாளர் சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

அட்டை சாம்பலாக இருந்தது. அவள் கை கையாக இருந்தது. அவர் கை, அப்படியே படத்தில் இருந்த நிறத்தில் இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. செல்போனின் முன்கேமராவைத் திறந்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். கண்ணின் வெள்ளையும் வெள்ளையாக இல்லை. மீட்டரின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஐயையோ, சாருக்குக் காமாலை!" முதலாளி அலறினார். "யாராவது ஒரு நல்ல டாக்டர் நம்பர் குடுங்கப்பா!"

மீட்டர் கணினித் திரையை முதலாளி பக்கம் திருப்பினாள். அந்த மஞ்சள் முகத்துக்குக் கீழே, வாடிக்கையாளர் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த வரி பளிச்சென்று இருந்தது: "கல்லீரல் சிறப்பு மருத்துவர். மஞ்சள் காமாலையை முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பவர்."