மூணாவது கை

சன்னல் வெயில் விழும் இடத்தில் ரேடியோ ரிப்பேர்க்காரரை உட்காரவைத்து, டாக்டரம்மா அவருடைய கீழுதட்டை இழுத்துப் பார்க்கிறார். ஈறு ஓரமாக, பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய நீலக் கோடு. "ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. ஆறு மாச வயித்துவலிக்கு அதான் காரணம். எந்த வழியா உள்ள போச்சுன்னுதான் புரியல." "எல்லாம் இவ சமையல்தான்," என்கிறார் அவர். மனைவி மின்விசிறியைப் பார்க்கிறாள். டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டுகிறார். சட்டைப் பொத்தான் போட இரண்டு கையும் வேண்டும்; அவர் சீட்டைச் சட்டென்று பல்லில் கவ்விக்கொள்கிறார். டாக்டரின் பேனா அந்தரத்தில் நிற்கிறது. "கடையிலயும் இப்படித்தானா?" "வாய்தான் இவருக்கு மூணாவது கை டாக்டர். பத்தவைக்கிற ஈயக்கம்பி நாள் முழுக்க அங்கதான்…" சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்துகிறாள். மின்விசிறிக் காற்றில் சீட்டின் முனை படபடக்கிறது. "ஆறு மாசமா என் சமையல் மேல பழி! கடைசில தவளை தன் வாயாலதான் கெட்டிருக்கு." அவர் சீட்டை மெதுவாக வாயிலிருந்து எடுக்கிறார். ஓரத்தில் பல் பதிந்திருக்கிறது. இன்னும் இரண்டு பொத்தான் பாக்கி. சீட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார்.