கிடைத்த இடம்

மூச்சிரைக்க மேடைக்கு ஓடி வந்த பிராங்க்ளின், கையிலிருந்த கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்தார். உள்ளே தண்ணீரில் விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று மிதந்தது.

கீரமங்கலத்துக் கல்யாண மண்டபத்தில் விலங்கியல் பேரவையின் ஆண்டுக் கூட்டம். முதல் பந்தி முடித்த உறுப்பினர்கள் அப்போதுதான் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள்.

"ஒரு விஷயம்ங்க..."

"வாயத் தொறக்காதீங்க சார்!" என்று விரலை ஆட்டினார் தலைவி அடைக்கலமேரி. "நம்ம பேரவை விதி மறந்துபோச்சா? மாதிரியக் காட்டுறவரு பேசக் கூடாது. எல்லாரும் கருத்துச் சொன்ன பொறகு, கெடச்ச எடத்த நான் கேப்பேன். அப்பச் சொன்னாப் போதும்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "சாப்பாட்டக்கூடப் பாதியில விட்டுட்டு ஓடியாந்திருக்காரு. என்ன ஆர்வம் பாருங்க!" என்றார். கைதட்டல் எழுந்தது.

செம்மல் லென்ஸோடு எழுந்து வந்தார். காலையில் பிராங்க்ளின் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த இரட்டை வால் அரணையை, "இது எங்க கொல்லையிலயே திரியுது" என்று ஒரே பேச்சில் காலி செய்த புண்ணியவான் இவர்தான். ஒரு மண்புழுவுக்குத் தன் பெயர் வைத்திருப்பதை விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டவர். தன் பெயரில் ஒரு கொசுவாவது பறக்காதா என்று பிராங்க்ளின் ஏங்காத நாளில்லை.

டம்ளருக்குள் பார்த்த செம்மலின் முகம் மாறியது.

"நாலு காலு இருக்கு, வாலக் காணோம். ஒடம்பு பூரா மஞ்சள். இப்புடி ஒரு மஞ்சள நான் பார்த்ததே இல்லைங்க!"

"தோலு தொட்டாலே கழண்டு வருது," என்றார் அருகில் வந்த இன்னொரு உறுப்பினர் மோகனப்ரியா. "கொதிக்கிற தண்ணியில வாழ்ற இனம் போல. அப்ப நம்ம மாவட்டத்துல வெந்நீர் ஊத்து இருக்கு! முதுகுல பாருங்க, கறுப்பா, உருண்டையா ஒட்டுண்ணி வேற!"

மண்டபமே எழுந்து நின்றது. பிராங்க்ளின் மறுபடி வாயெடுத்தார்.

"விதி!" என்றார் தலைவி.

"இவ்வளவு பளிச்சுன்னு இருந்தாக் கடும் விஷம்னு அர்த்தம்," என்று செம்மல் மைக்கைப் பிடித்தார். "இது கெடந்த தண்ணி ஒரு சொட்டு வயித்துக்குள்ள போனாலும் ஆளு காலி. என் சர்வீஸ் மேல சத்தியம்!"

"அப்பப் புது இனந்தான். பிராங்க்ளின் சார் பேரையே வச்சிருவோம். கையத் தூக்குங்க!" என்றார் தலைவி.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. செம்மலின் கையும் உயர்ந்திருப்பதைப் பிராங்க்ளின் இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டார். தோளில் பொன்னாடை விழுந்தது. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டால் என்ன என்று சபலம் தட்டியது. இந்த ஒரு பெயருக்காக எத்தனை குளம், எத்தனை முந்திரிக்காடு சுற்றியிருப்பார்!

அந்நேரம் பார்த்துச் செம்மல் திருப்தியாக ஒரு ஏப்பம் விட்டார். பிராங்க்ளினுக்கு மனசாட்சி உறுத்தியது.

"இப்பப் பேசலாம் சார்," என்று தலைவி மைக்கை நீட்டினார். "சொல்லுங்க, இது எங்க கெடச்சுது?"

பிராங்க்ளின் பொன்னாடையைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தார்.

"நம்ம சாம்பார் அண்டாவுலதாங்க."