பதினோரு மணி மீட்டிங்

மணி பதினொண்ணரை ஆகப்போகுது. லேப்டாப்ல என் மூஞ்சி மட்டும்தான் தெரியுது. ஜவுளிக்கடை அண்ணாச்சியைக் காணோம்.

எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கல.

டவுண்ல, கீழரத வீதியில, அப்பா காலத்துல இருந்து கடை வச்சிருக்கிற பாலசுப்பிரமணியன் அண்ணாச்சி. "காலைல பதினொண்ணுக்குப் பாப்போம்மா"ன்னு நேத்து ஃபோன்ல சொன்னது அவருதான். அவரு கடையோட இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரத்தையெல்லாம் இனிமே நான் பாத்துக்கிடணும். ரேட்டு மட்டும்தான் பேசி முடிக்கணும். வீடியோ மீட்டிங்குக்கு லிங்க்கும் அனுப்பி வச்சேன்.

இந்தக் கடை கிடைச்சா என் ஆன்லைன் மார்க்கெட்டிங் தொழில் நிக்கும். கிடைக்கலன்னா அடுத்த மாசம் பழைய பள்ளிக்கூடத்துக்கே டீச்சரா போயிரணும்னு என் வீட்டுக்காரர் கறாரா சொல்லிட்டாரு. நானும் சரின்னு தலையாட்டித் தொலைச்சிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம், பட்டாசல் கூடத்துல ஒரே சிரிப்புச் சத்தம். என் மாமனாரு யாரையோ பிடிச்சு உக்கார வச்சிருக்காரு.

மாமா ரிட்டயர் ஆனதுல இருந்து இதே வேலைதான். தெருவுல எவனுக்கு ரயில் டிக்கெட் போடணும்னாலும், எவளுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணணும்னாலும், "எங்க மருமவ சும்மாதான் கம்ப்யூட்டர் முன்னால இருக்கா, வாரும்"னு கூட்டிட்டு வந்துருவாரு. போன வாரம் ஒருத்தர் மாட்டை விக்கணும், ஃபோட்டோ போட்டு விடும்மான்னு வந்து நிக்காரு. மாட்டையும் கூட்டிட்டு வந்திருந்தாரு.

அதனாலதான் காலைல இட்லி வைக்கும்போதே சொல்லிட்டேன்.

"மாமா, பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் சாமியே வந்தாலும் என் கதவைத் தட்டக் கூடாது."

அவரு முகம் சுருங்கிப் போச்சு. போகட்டும். தொழில் சொல்லிக்குடுக்கிற வீடியோ எல்லாத்துலயும் அதத்தான் சொல்லுதாங்க. கதவைப் பூட்டு, ஃபோனை ஆஃப் பண்ணு, ஒரே வேலையில கவனத்தை வையி. நானும் ஃபோனை ஆஃப் பண்ணி பீரோவுக்குள்ள போட்டுட்டேன்.

அந்த வீடியோ போடுத ஒருத்தனுக்கும் மாமனார் கிடையாது போல.

"அட! விக்கிரமசிங்கபுரமா!"ன்னு வெளிய மாமா கத்துதாரு. டம்ளர் சத்தம். மறுபடியும் சிரிப்பு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என்ன இருந்தாலும் இன்னைக்கு மனுசன் கதவைத் தட்டல. அதுவரைக்கும் புண்ணியம்.

பன்னெண்டு வரைக்கும் பாத்தேன். அண்ணாச்சி வரவே இல்ல.

வர முடியலன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சென்னையில இருந்து ஒரு பையன் பேசியிருந்தா இப்படிக் காக்க வைப்பாரா? உள்ளூர்ப் பொம்பளன்னா அவ்வளவு இளக்காரம். மனசுக்குள்ள அவரை வஞ்சுக்கிட்டேதான் கதவைத் திறந்தேன்.

வாசல்ல ஒரு கார் கிளம்பிப் போற சத்தம் கேட்டுச்சு.

பட்டாசல்ல, ஸ்டூல் மேல வெத்தலை பாக்கோட ஒரு சேலை. பக்கத்துல அண்ணாச்சி கடைப் பை.

மாமாவைத் திரும்பிப் பாத்தேன்.

"லிங்க்கை அமுக்குனாராம், ஒண்ணும் வரலயாம். ஃபோன் போட்டாராம், ஆஃப்னு வந்துச்சாம். டவுணுக்கும் நம்ம பேட்டைக்கும் என்ன பெரிய தூரம்னு காரை எடுத்துட்டு நேராவே வந்துட்டாரு. நான் கதவைத் தட்டவே இல்ல, பாத்தியா?" மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாமா?"

"நீதான தட்டக் கூடாதுன்ன? எல்லாம் நானே பேசி முடிச்சுட்டேன். ஊரு கேட்டேன், வீடு கேட்டேன், கடைசியில பாத்தா எங்க அம்மா வழியில நெருங்குன சொந்தம்! எனக்குத் தம்பி முறை. உனக்குச் சின்ன மாமா. அவரு ரேட்டைப் பத்திப் பேச்செடுத்தாரு. சொந்தத்துக்குள்ள என்னவே ரேட்டு, எங்க மருமவ சும்மாவே செஞ்சு குடுப்பான்னு சொல்லிட்டேன்."

எங்க ஆட்கள்ல முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரைச் சேத்து உக்கார வச்சா, காபி ஆறுததுக்குள்ள சொந்தமாயிருவாங்க. சொந்தம்னு ஆயிட்டா அப்புறம் துட்டைப் பத்தி ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது. சித்தி மகன் பேக்கரிக்கு நான் விளம்பரம் போட்டது ஓசி. நாத்தனார் தையல் கடைக்கு ஓசி. இப்பம் பிடிச்ச ஒரே பெரிய கடையும் ஓசி.

"கலரு உனக்கு நல்லா எடுக்கும் வேணி"ன்னு அத்தை சேலையை விரிச்சுக் காட்டுதாங்க.

உள்ளங்கால்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் எனக்கு எரிஞ்சுச்சு. அழுகையும் முட்டிக்கிட்டு வந்துச்சு. அழுதா கோவம் அடங்கிருமேன்னு அழல.

உள்ள போயி பீரோவுல இருந்த ஃபோனை எடுத்து ஆன் பண்ணி, பட்டாசல்லயே வந்து நின்னு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, சும்மாவே செஞ்சு தாரோம்னு எங்க மாமா சொன்னாங்களாம். நல்லது. ஒத்துக்கிட்டவங்கதான வேலையைச் செய்யணும்? நாளைக்குக் காலைல அவங்களையே கடைக்கு அனுப்பி வைக்கேன். விளம்பரத்தை நல்லாச் செய்யச் சொல்லி வாங்கிக்கிடுங்க."

மாமாவுக்கு வெத்தலை மடிச்ச கை அப்படியே நின்னுட்டு. அத்தை சேலையை மடிக்க ஆரம்பிச்சாங்க.

அந்தப் பக்கம் கார் ஹாரன் மட்டும் கேட்டுச்சு. போச்சு, கடையும் போச்சு, தொழிலும் போச்சுன்னு நினைச்சேன். அப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்கல.

அப்புறம் அண்ணாச்சி பைய ஒரு செருமு செருமுனாரு.

"சரி, சொந்தத்தை ஒதுக்கி வையி. ரேட்டைச் சொல்லும்மா."

சொன்னேன். சொந்தக்காரரா ஆயிட்டதுனால, நேத்து மனசுல வச்சிருந்ததை விடக் கூட்டியே சொன்னேன்.